ஃப்ரண்ட்எண்ட் நிரலாளருக்கு வேலையைக் கொடுக்கும் முன்

வடிவமைப்பாளர் தரும் திரையின் மாதிரிப் படத்தில் பயனரின் பெயர் ஒரே வரியில் அடங்கியிருக்கும், பட்டியலில் அளவாக ஐந்து வரிகள் இருக்கும், இணைய இணைப்பு அறுந்திருக்காது. அந்தப் படத்தில் இல்லாதவற்றைச் சமாளிப்பதில்தான், பயனர் பார்க்கும் திரைகளை உருவாக்கும் ஃப்ரண்ட்எண்ட் நிரலாளரின் நேரத்தில் பெரும்பகுதி செலவாகிறது.

ஆகவே ஒரு திரையைக் கையளிக்கும்போது, தரவு வந்துகொண்டிருக்கையில் என்ன தெரிய வேண்டும், பட்டியல் காலியாக இருந்தால் என்ன, சேவையகம் பிழை காட்டினால் என்ன, அனுமதி இல்லாதவர் நுழைந்தால் என்ன என்பவற்றையும் முடிவு செய்து கொடுங்கள். நாம் முடிவு செய்யாமல் விட்டதை அவர் அந்த நேரத்தில் தமக்குத் தோன்றியபடி எழுதியாக வேண்டும். பிறகு அதைக் குறை என்று சுட்டுவது நியாயமாகாது. நிறத் தேர்வும் அப்படித்தான். சாதாரண அளவிலான எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்பது, மாற்றுத்திறனாளிகளும் இணையதளங்களைப் பயன்படுத்த வழிசெய்யும் டபிள்யூசிஏஜி நெறிமுறையின் ஏஏ நிலை விதி. அதை வடிவமைக்கும்போதே சரிபார்த்துவிடலாம்.

சேவையகத்தில் ஓடும் நிரலை எழுதும் பேக்எண்ட் தரப்பைச் சேர்ந்தவன் என்பதால் எங்கள் கடமையைச் சற்று அழுத்தியே சொல்கிறேன். ஏபிஐ (திரையின் நிரல் சேவையகத்திடம் தரவைக் கேட்டுப் பெறும் வழி) எந்த வடிவத்தில் பதில் தரும் என்பதை, நிரல் எழுதத் தொடங்கும் முன்பே இரு தரப்பும் உட்கார்ந்து பேசி, மாதிரிப் பதில்களோடு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். வெற்றிப் பதிலுக்கு மட்டுமன்றிப் பிழைப் பதிலுக்கும் மாதிரி வேண்டும். அவை கையில் இருந்தால், சேவையகம் தயாராகும்வரை காத்திராமல், போலித் தரவை வைத்தே ஃப்ரண்ட்எண்ட் தரப்பினர் திரையைக் கட்டிவிடலாம். படிவத்தில் தவறு இருந்தும், வெற்றியைக் குறிக்கும் 200 என்ற நிலைக் குறியீட்டை அனுப்பிவிட்டுப் பிழைச் செய்தியைப் பதிலுக்குள் வைத்தால், ஒவ்வொரு திரையிலும் அதைத் தோண்டிப் பார்க்கும் நிரலை அவர்கள் தனியே எழுத நேரிடும். எந்தப் புலத்தில் என்ன தவறு என்று பிரித்துச் சொன்னால்தான் உரிய பெட்டியின் கீழே செய்தியைக் காட்ட முடியும். புலத்தின் பெயரை மாற்ற நேர்ந்தால் முன்கூட்டியே தெரிவித்து, பழைய பெயரையும் சில காலம் விட்டுவையுங்கள்.

பிழையைத் தெரிவிக்கும்போது உலாவி, அதன் பதிப்பு, திரையின் அகலம், செய்த படிகள், உலாவியின் கன்சோலில் (பிழைகள் பதிவாகும் பகுதியில்) தோன்றிய செய்தி ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புங்கள்.

ஒரு பொத்தானை நகர்த்துவது சிறிய வேலையாகத் தோன்றலாம். ஆனால் குறுகிய கைபேசித் திரையில் அது எங்கே போய் நிற்கும், டேப் விசையைக் கொண்டு நகர்பவருக்கு வரிசை குலையுமா என்பதையெல்லாம் அவர் சோதிக்க வேண்டியிருப்பதால், எத்தனை நாள் ஆகும் என்பதை அவரே சொல்லட்டும்.

பக்கம் மெதுவாகத் திறக்கிறது என்ற புகார் வந்தால், உடனே அவரது நிரலைச் சந்தேகிக்க வேண்டாம். திரையின் மிகப் பெரிய உள்ளடக்கம் 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். பிற பிரிவுகள் கேட்டுச் சேர்த்த விளம்பர, புள்ளிவிவர ஸ்கிரிப்டுகள் (பக்கத்தோடு சேர்ந்து ஓடும் சிறு நிரல்கள்) அந்த நேரத்தில் எவ்வளவைத் தின்கின்றன என்று அவரோடு சேர்ந்து அளந்து பார்த்து, தேவையற்றவற்றை நீக்கும் ஒப்புதலை நீங்களே வாங்கிக் கொடுங்கள்.