கூத்துப் பதிவில் சுருதியும் சத்தமும்: என் அனுபவம்

ஆரணிப் பக்கம் விடிய விடிய நடந்த தெருக்கூத்தின் பதிவை வேலூர் சத்துவாச்சாரியில் வீட்டில் ரீப்பர் என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்தேன். கணினித் தம்புராவைச் சேர்த்ததும் காது கூசியது. ஆர்மோனியமும் அதுவும் கிட்டத்தட்ட ஒரே சுருதி. அந்தக் கிட்டத்தட்டதான் தொல்லை.

ஆர்மோனியம் டிராக்கில் சுருதியை அளக்கும் ரியாட்யூன் என்ற பிளகினை, அதாவது மென்பொருளோடு சேரும் துணைக்கருவியைப் போட்டு, ஒரே சுரம் நீண்டு ஒலிக்கும் இடமாகத் தேடிப் பார்த்தேன். ஆர்மோனியம் 23 சென்ட் ஏறி நின்றது. அரைச்சுரத்துக்கு 100 சென்ட் என்பது கணக்கு. 440 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டிய 'ஏ' சுரம் 446-ஐ ஒட்டிப் போகிறது என்று அர்த்தம். ஆர்மோனியத்தை இறக்கலாம்தான். ஆனால் அந்த மைக்கில் வாத்தியாரின் குரலும் கலந்திருக்கிறது. சுருதி மாற்றும் பிளகின் அதைத் தகர டப்பாவில் பேசுவது போல ஆக்கிவிடும். அதனால் தம்புராவின் ஃபைன் டியூனை 23 சென்ட் ஏற்றினேன். கூச்சம் போய்விட்டது. இந்த மாதிரி நேரத்தில் அசையக்கூடியது மென்பொருள்தான், மனிதர் இல்லை.

அப்புறம் முகவீணை, நாதஸ்வரம் போன்ற சிறிய ஊதுகுழல். அதற்குத் தனி மைக். உச்சத்தில் வாசிக்கும்போதெல்லாம் கம்ப்ரஸர் (அதிகச் சத்தத்தை அமுக்கும் பிளகின்) அதை நசுக்கியது. டிராக்கின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை இறக்கினால் சத்தம் குறையும், நசுக்கல் குறையாது. ஃபேடர் வேலை செய்வது பிளகின்களுக்குப் பிறகு. கம்ப்ரஸருக்கு முன்னால் வெறும் வால்யூம் பிளகினைச் செருகி 6 டெசிபல் குறைத்தேன், அதாவது அலையின் உயரம் பாதி. மூச்சும் குழைவும் திரும்பக் கேட்டன.

மத்தளத்தைத் தொடவே இல்லை. அது பதிவிலேயே நன்றாக விழுந்திருந்தது.