கூண்டில் வளர்ந்த முட்டைக்கோழியை வீட்டுக்குப் பழக்குவது: முதலில் தண்ணீர்

நாமக்கல் பக்கத்து முட்டைப் பண்ணை ஒன்றில் பழைய பேட்சைக் கழிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, 14 வெள்ளைக் கோழிகளை வாங்கி வந்தோம். வயது 80 வாரத்தை ஒட்டி வரும்போது முட்டை குறையும், தீவனச் செலவு கட்டாது. மொத்தமாக எடை போட்டுக் கறிக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் 80 வாரம் என்பது ஒன்றரை வயதுதான். இவற்றுக்கு இன்னும் சில ஆண்டு ஆயுள் இருக்கிறது. அதை மண்ணிலும் வெயிலிலும் கழிக்கட்டும் என்றுதான் கொண்டுவந்தோம். வந்த மூன்றே நாளில் மூன்று கோழிகள் செத்துப்போயின. நோய் எதுவும் இல்லை. இன்னொருவர் வீட்டில் அப்படி நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

கூடு கட்டுவதைப் பற்றி இங்கே சொல்லப்போவதில்லை. நாட்டுக்கோழிக்குக் கட்டுகிற கூடே போதும். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: ஆறுகோண ஓட்டை உள்ள மெல்லிய கோழி வலையை வாங்காதீர்கள். நாய் ஒரு இழுப்பில் பிய்த்துவிடும். அரை அங்குல வெல்டு மெஷ் விலை கூடத்தான், ஆனால் கீரியும் மரநாயும் நுழையாது. நாட்டுக்கோழி ஆபத்தைக் கண்டால் பறந்து மரத்தில் ஏறிக்கொள்ளும். கூண்டுக்கோழி நின்ற இடத்திலேயே நிற்கும்.

கொண்டுவரும் நாள்

பங்குனி, சித்திரை வெயிலில் இந்த வேலையே வேண்டாம். மற்ற மாதங்களிலும் விடிகாலையிலோ இரவிலோ கொண்டுவாருங்கள். சாக்கு, அட்டைப்பெட்டி எல்லாம் வேண்டாம். காற்றோட்டமான பிளாஸ்டிக் கிரேட்தான் நல்லது. அடியில் சாக்கு விரித்து ஒன்றில் ஐந்தாறு கோழிக்கு மேல் வைக்காதீர்கள்.

காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கவே கூடாது. சந்தையில் எல்லோரும் அப்படித்தான் தூக்குவார்கள், கைப்பழக்கம். ஆனால் இவற்றின் எலும்பு மிக மெலிந்தது. ஒரு முட்டை ஓட்டுக்கு ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் வேண்டும். ஆண்டுக்கு 300 முட்டைக்கு மேல் இடுகிற கோழி, தான் ஒன்றரைக் கிலோ எடை இருந்துகொண்டு, அரைக் கிலோவுக்கு மேல் கால்சியத்தை ஓடாகக் கொடுத்திருக்கிறது. தீவனத்தில் வந்தது போதாதபோது எலும்பிலிருந்துதான் எடுத்திருக்கும். ஏ4 தாள் அளவு இடம்கூட இல்லாமல் நின்றே வளர்ந்ததால் எலும்புக்கு வேலையும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் இப்படிப்பட்ட வெறுங்கூண்டை 2012 ஜனவரி முதல் தடை செய்துவிட்டார்கள். நம் சட்ட ஆணையமும் 2017இல் 269ஆவது அறிக்கையில் இந்தக் கோழிகளைப் பற்றி விரிவாகவே எழுதியிருக்கிறது. சரி, தூக்கும்போது இரண்டு கையாலும் இறக்கையோடு சேர்த்து அணைத்து, ஒரு கையை நெஞ்சுக்குக் கீழே கொடுத்துத் தூக்குங்கள். இறக்கும்போதும் தரையில் கால் ஊன்றிய பிறகுதான் கையை எடுக்க வேண்டும்.

தண்ணீர்: இங்கேதான் நான் தவறினேன்

கோழிகள் வந்ததும் கூட்டுக்குள் இரண்டு எவர்சில்வர் பேசினில் நல்ல தண்ணீர் வைத்தேன். மறுநாள் பார்த்தால் தண்ணீர் அப்படியே இருந்தது. பயணக் களைப்பு, புது இடம், பயம் என்று நினைத்துக்கொண்டேன். தீவனமும் அவ்வளவாகத் தொடவில்லை. இரண்டாம் நாள் மதியம் ஒன்று கண்ணை மூடி உட்கார்ந்தது, மாலையில் போய்விட்டது. மறுநாள் காலை இன்னும் இரண்டு. பேசினிலிருந்து ஒரு முழம் தள்ளித்தான் கிடந்தன.

மூன்றாம் நாள் அம்மாயி கூட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "ஏங்கண்ணு, இந்தக் கோழி எதுக்குத் தாழ்ப்பாளையே கொத்தீட்டு நிக்குது?" என்று கேட்டார். போய்ப் பார்த்தேன். ஒரு கோழி கழுத்தை மேலே நீட்டி, கூட்டுக் கதவின் இரும்புத் தாழ்ப்பாள் நுனியைத் தட்டித் தட்டிப் பார்த்தது. தட்டிவிட்டு வாயைத் திறந்து காத்திருந்தது. மறுபடி தட்டியது. பக்கத்தில் இன்னொன்று ஆணித்தலை ஒன்றை அதே மாதிரி கொத்திக்கொண்டிருந்தது.

அப்போதுதான் பண்ணையில் பார்த்தது ஞாபகம் வந்தது. அங்கே கோழியின் தலைக்கு மேலே குழாய் ஓடும், அதில் நிப்பிள் தொங்கும். அலகால் அந்த உலோக ஊசியைத் தட்டினால் சொட்டுத் தண்ணீர் விழும். பளபளப்பான இரும்பு, தலைக்கு மேலே, தட்டினால் தண்ணீர். அவற்றுக்குத் தண்ணீர் என்றால் அதுதான். கீழே அகலமாகப் பரந்து கிடக்கிற ஒன்றை அவை தண்ணீராகவே பார்த்ததில்லை.

ஆகவே நீங்கள் கோழி வாங்கப் போகும் முன்பே இதைச் செய்துவையுங்கள்:

1. கோழிக்கென்று விற்கிற நிப்பிள் நாலைந்து வாங்குங்கள். கோழித் தீவனக் கடையில் கிடைக்கும், சில ரூபாய்தான். சிவப்பு நிறத்தில் இருந்தால் கோழி சீக்கிரம் கவனிக்கிறது.

2. மூடியுள்ள 5 லிட்டர் கேனின் அடியில் நிப்பிளின் மரையைவிடச் சிறிது சின்னதாக ஓட்டை போட்டு, மரையில் டெஃப்லான் டேப் சுற்றித் திருகுங்கள். எம்-சீல் வைத்தால் கசிவு நிற்கும்தான், ஆனால் கழற்றிக் கழுவ முடியாது. டேப்தான் என் தேர்வு. மூடியை இறுக்கி மூடாதீர்கள். காற்று உள்ளே போகாவிட்டால் தண்ணீர் இறங்காது.

3. நிப்பிள் கோழியின் தலைக்குச் சற்று மேலே, கழுத்தை நீட்டினால் எட்டுகிற உயரத்தில் வருமாறு கட்டித் தொங்கவிடுங்கள்.

4. ஒவ்வொரு நிப்பிளுக்கும் நேர் கீழே ஒரு மண் தட்டு வையுங்கள். சொட்டுகிற தண்ணீர் அதில் சேரும். அந்தத் தட்டுதான் பாடம் நடத்தும். சொட்டு விழுந்து நீர் அசைவதைப் பார்த்துக் கோழி குனியும், ஒருநாள் தட்டிலிருந்தே குடிக்கும்.

வந்த அன்றே ஒவ்வொரு கோழியாகத் தூக்கி, அலகின் நுனியை மட்டும் தண்ணீரில் தொடவிடுங்கள். மூக்குத் துளைக்கு மேலே போகக் கூடாது. தொட்டதும் தலையைத் தூக்கி விழுங்கினால் அது கற்றுக்கொள்கிறது என்று பொருள். ஒரு நாளைக்கு நாலைந்து முறை செய்ய வேண்டும். ஒரு கோழிக்கு ஒரு நாளில் கால் லிட்டர் வரை தேவைப்படும், வெயில் காலத்தில் அதற்கும் மேலே. எந்தக் கோழி குடித்தது, எது குடிக்கவில்லை என்று கண்டுபிடிக்கக் காலில் கலர் நூல் கட்டினேன். பதினொன்றும் வெள்ளையாக இருந்தால் வேறு வழியில்லை. ஐந்தாம் நாளில் எட்டு கோழிகள் தட்டில் குடித்தன. மற்ற மூன்றும் இரண்டாம் வாரம்வரை நிப்பிளைத்தான் தேடின.

தீவனம்

பண்ணையில் கொடுத்த அதே லேயர் மேஷை (முட்டைக்கோழிக்கான தூள் தீவனம்) முதல் வாரம் கொடுங்கள். நாளைக்கு ஒரு கோழிக்கு 100 முதல் 110 கிராம் ஆகும். அப்புறம் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கம்பு, சோளம், கீரை என்று சேர்க்கலாம். எல்லாம் பழகின பிறகும் மேஷை முழுக்க நிறுத்தாதீர்கள். கம்பை மட்டும் தின்று தினம் முட்டையிட அந்த உடம்பால் முடியாது. கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், வேண்டியபோது தானே தின்னும்.

தரையில் தானியத்தை வீசினால் இவற்றால் எடுக்க முடியாது. குஞ்சாக இருக்கும்போதே அலகின் நுனியை வெட்டியிருப்பார்கள், நுனி சேராது. இரண்டு அங்குல ஆழமான கிண்ணத்தில் போட்டால் அள்ளித் தின்னும்.

மண்ணில் இறக்குவது

முதல் மூன்று நாலு நாள் கூட்டுக்குள்ளேயே இருக்கட்டும். பிறகு மாலை நாலரை மணிக்கு மேல் கதவைத் திறந்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். துரத்தி வெளியேற்ற வேண்டாம். சில கோழிகள் வாசற்படியிலேயே அரை மணி நேரம் நிற்கும். ஒரு காலைத் தூக்கி மண்ணில் வைத்து, உடனே எடுத்து, மறுபடி வைக்கும். கம்பியைத் தவிர வேறெதையும் மிதிக்காத கால் அது. முதுகில் இறகு இல்லாத கோழியை உச்சி வெயிலில் விடாதீர்கள், தோல் வெந்துவிடும்.

ஒரு மூலையில் உலர்ந்த மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து கொட்டிவையுங்கள். ஒன்பதாம் நாள் நீல நூல் கட்டின கோழி அதன் மேலே போய் நின்றது, கீறியது, சட்டென்று பக்கவாட்டில் சாய்ந்து இறக்கையை விரித்து மண்ணை வாரி மேலே போட்டுக்கொண்டது. யாரும் சொல்லித்தரவில்லை. தண்ணீரைத் தெரியாத கோழிக்கு மண்குளியல் தெரிந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு அம்மாயியைக் கூப்பிட ஓடினேன்.

மண்ணில் இறங்கிய பிறகு எச்சத்தைத் தினம் பாருங்கள். கம்பி மேல் வளர்ந்த கோழிக்கு ரத்தக்கழிச்சலை எதிர்க்கிற சக்தி குறைவு. எச்சத்தில் ரத்தம் தெரிந்தால் கால்நடை மருந்தகத்துக்கு அன்றே போய்விடுங்கள். குடற்புழு நீக்கத்தையும் அவர்களையே கேட்டு, மூன்றாம் வாரத்தில் செய்யலாம்.

இரவு

நாட்டுக்கோழி பொழுது சாய்ந்தால் தானே அடையும். இவற்றுக்கு அந்தப் பழக்கம் வந்ததே இல்லை. பண்ணையில் 16 மணி நேரம்வரை விளக்கு எரியும், அணைத்தால் இருட்டு. முற்றத்தில் இருட்டினால் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிடும். ஒவ்வொன்றாகத் தூக்கிக் கூட்டில் வையுங்கள். எங்களுக்குப் பன்னிரண்டு நாள் பிடித்தது. உட்காரும் கட்டையை அரை அடி உயரத்துக்கு மேல் வைக்காதீர்கள். குதித்து இறங்கினால் நெஞ்செலும்பு உடையும்.

முட்டையை முதலில் கண்ட இடத்தில் போடும். கூண்டில் முட்டை சரிவில் உருண்டு போய்விடும், கூடு என்பதே கிடையாது. ஒரு கூடையில் வைக்கோல் போட்டு, பிளாஸ்டிக் முட்டை ஒன்றை வைத்தால் புரிந்துகொள்ளும். ஓடு கெட்டியாகாத தோல் முட்டை வந்தால் கிளிஞ்சல் போதவில்லை என்று பாருங்கள்.

இதைப் படித்தவர்கள் கேட்டதில் சேர்த்தவை

நாட்டுக்கோழிகளோடு உடனே விடலாமா என்று பலர் கேட்டார்கள். கூடாது. ஒரு மாதம் தனியே வைத்து, அதில் கடைசி இரண்டு வாரம் நடுவில் மெஷ் வைத்து ஒன்றையொன்று பார்க்கவிடுங்கள். அதற்கு முன்பே வீட்டுக் கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். பண்ணைக் கோழிக்குப் பெரும்பாலும் போட்டிருப்பார்கள், நம் வீட்டுக் கோழிக்குத்தான் விட்டுப்போயிருக்கும். கால்நடைப் பராமரிப்புத் துறை பிப்ரவரியில் நடத்தும் முகாமை விடாதீர்கள்.

காங்கேயம் பக்கத்திலிருந்து ஒரு தங்கை, கோழி கொத்திக் கொத்திப் புண்ணாகிறது என்று எழுதினார். ரத்தம் கண்ட கோழியை உடனே பஞ்சாரத்தில் போட்டுத் தனியே வையுங்கள். மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துத் தடவினால் மற்றவை அந்தக் கசப்பில் விலகும். கொத்துகிற கோழியின் அலகை மறுபடி வெட்டச் சொல்லிச் சிலர் வருவார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கூட்டில் ஒரு கட்டு அகத்திக்கீரையோ முருங்கைக்கீரையோ தலை உயரத்தில் கட்டித் தொங்கவிட்டால் கொத்துவதற்கு வேறு வேலை கிடைக்கும்.

இன்னொரு கேள்வி: இரண்டு மாதம் கழித்து முட்டை அடியோடு நின்று, இறகும் கொட்டுகிறது, நோயா? இல்லை. 16 மணி வெளிச்சத்திலிருந்து 12 மணி வெளிச்சத்துக்கு வந்த உடம்பு ஓய்வெடுக்கிறது. தீவனத்தைக் குறைக்காதீர்கள், புது இறகு வளர அது வேண்டும். விளக்குப் போட்டு முட்டையை வரவழைக்கவும் வேண்டாம். எங்கள் பதினொன்றும் கார்த்திகையில் நிறுத்தின. தை கடைசியில் நீல நூல்காரி வைக்கோல் கூடையில் ஒன்று வைத்தாள், கெட்டி ஓடு.