பைக் பழகப் போகிறீர்களா? ஹெல்மெட், கிளவுஸ், ஷூ பார்த்து வாங்கும் முறை

பழகுகிறவர் வேகத்தில் விழுவது அபூர்வம். கிளட்சைப் பட்டென்று விட்டதும் வண்டி ஆஃப் ஆகி நின்ற இடத்திலேயே சாயும். எட்டுப் போடும்போது பாதி வளைவில் முன் பிரேக்கைப் பிடித்தால் முன்சக்கரம் வழுக்கும். பதற்றத்தில் ஆக்ஸிலேட்டரை இன்னும் முறுக்கினால் நேராக வேலியில் போய் முட்டும். மூன்றிலும் முதலில் அடிபடுவது உள்ளங்கை, முழங்கால், கணுக்கால். தலை எப்போது தரையில் மோதும் என்று சொல்லவே முடியாது.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பழகும் இடங்களையும் பாருங்கள். பெரும்பாலும் ஊருணிக் கரை, கோயில் பொட்டல், இல்லாவிட்டால் ஊருக்கு வெளியே செம்மண் பாதை. கீழே சரளை, ஓரத்தில் சீமைக்கருவேல முள். அதனால் காசை இந்த வரிசையில் செலவழியுங்கள்: ஹெல்மெட், கிளவுஸ், ஷூ, முழங்கால் கார்டு. ஜாக்கெட் கடைசியில் வரட்டும். பளபளவென்று ஜாக்கெட் வாங்கிவிட்டு ரப்பர் செருப்போடு வண்டி பழகுவது பணத்தையும் வீணாக்கும், காலையும் காயப்படுத்தும்.

படி 1: தலையை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள்

தையல் டேப்பைப் புருவத்துக்கு மேல் ஒரு அங்குலம் விட்டு, காதுக்கு மேலாகக் கொண்டுபோய், பின்மண்டை துருத்தியிருக்கும் இடத்தைச் சுற்றி அளங்கள். மூன்று முறை அளந்து, அதிகமாக வந்த அளவை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் ஹெல்மெட்டுகளில் சைஸ் மில்லிமீட்டரில் இருக்கும்: 560, 580, 600, 620. 57.5 செ.மீ. வந்தால் 580-ஐ முதலில் போட்டுப் பாருங்கள்.

பின்னல் போடும் பெண்கள் பின்னலைக் கழுத்துக்குக் கீழே தாழ்வாக விட்டு அளக்க வேண்டும். உச்சிக் கொண்டையோடு போட்டுப் பார்த்து ஒரு சைஸ் பெரிதாக வாங்கிவிட்டால், கொண்டையை அவிழ்த்த நாளில் ஹெல்மெட் தலையில் ஆடும். ஜிமிக்கியைக் கழற்றிவிட்டுத்தான் போட்டுப் பார்க்க வேண்டும். அடிபடும்போது அது காதைக் கிழிக்கும்.

படி 2: முத்திரையைச் சரிபாருங்கள்

2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத இருசக்கர வாகன ஹெல்மெட்டை விற்கவே கூடாது. முத்திரைக்கு மேலே ஐ.எஸ். 4151 என்ற எண்ணும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். முத்திரை தரும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த உரிம எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனி, எந்தப் பொருள் என்று வந்துவிடும். ஹெல்மெட்டில் இருக்கும் பெயரும் செயலியில் வரும் பெயரும் ஒன்றாக இல்லையென்றால் வாங்காதீர்கள். சாலையோரத்தில் தார்ப்பாய் விரித்து விற்கும் கடைகளில் இந்தச் சோதனை கட்டாயம்.

தாடையை மூடும் முழு ஹெல்மெட்டையே எடுங்கள். பழகுகிறவர் முன்பக்கமாகக் குப்புற விழும்போது மோவாயும் பல்லும் மாட்டும். அரை ஹெல்மெட்டால் அதைத் தடுக்க முடியாது. கண்ணாடி நிறமில்லாததாக இருக்கட்டும். கறுப்புக் கண்ணாடியோடு அந்தி நேரத்தில் சரளையும் தெரியாது, குறுக்கே வரும் ஆடும் தெரியாது.

படி 3: போட்டுப் பார்த்து, இழுத்துப் பாருங்கள்

இந்த ஒரு படிக்குக் கடையில் கால் மணி நேரமாவது ஒதுக்குங்கள். கன்னப் பஞ்சு கன்னத்தை உள்ளே தள்ளுகிற மாதிரி இருக்க வேண்டும். நெற்றிக்கும் பஞ்சுக்கும் நடுவே விரல் நுழையக் கூடாது. ஹெல்மெட்டைப் பிடித்து இடம் வலமாகத் திருப்பினால் முகத்துத் தோலும் கூடவே திரும்ப வேண்டும். ஹெல்மெட் மட்டும் திரும்பினால் அது பெரிது.

அடுத்து, மோவாய் வாரை ஒரு விரல் நுழையும் அளவுக்கு இறுக்குங்கள். தலையைச் சற்றுக் குனிந்துகொண்டு, பின்பக்க அடி விளிம்பைப் பிடித்து முன்னோக்கி மேலே தள்ளும்படி கூட வந்தவரிடம் சொல்லுங்கள். கழன்று வருகிற ஹெல்மெட் விபத்திலும் கழன்றுவிடும். பத்து நிமிடம் போட்டுவிட்டுக் கழற்றுங்கள். நெற்றியின் நடுவில் மட்டும் சிவந்து வலித்தால், சைஸ் சரியாக இருந்தாலும் அந்த வடிவம் உங்கள் தலைக்கு ஒத்துவராது. வேறு மாடல் பாருங்கள். கன்னத்து இறுக்கம் பழகப் பழகத் தளரும், நெற்றி வலி தளராது.

பின்னால் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் அண்ணனோ மாமாவோ, அவருக்கும் ஹெல்மெட் வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆவது பிரிவு இருவருக்கும்தான் பொருந்தும்.

படி 4: கிளவுஸ்

விழும்போது கையை ஊன்றாதவர் யாரும் இல்லை. ஊன்றிய கை சரளையில் அப்படியே பதிந்து நின்றால், உடம்பின் பாரம் முழுக்க மணிக்கட்டில் இறங்கும். கட்டைவிரலுக்கு அடியில் இருக்கும் சிறு எலும்பு உடைவது இப்படித்தான். அதற்கு ரத்த ஓட்டம் குறைவு என்பதால் சேர ரொம்ப நாள் எடுக்கும். உள்ளங்கையின் அடிப்பகுதியில் வழவழப்பான பிளாஸ்டிக் தகடு வைத்த கிளவுஸைக் கேட்டு வாங்குங்கள். தரையில் பட்டதும் அந்தத் தகடு கையை வழுக்கவிட்டு மணிக்கட்டின் பாரத்தைக் குறைக்கும். மணிக்கட்டில் தனிப்பட்டி இருக்க வேண்டும், விரல்கள் முழுதும் மூடியிருக்க வேண்டும்.

கடையிலேயே கிளவுஸோடு ஒரு வண்டியின் கிளட்சைப் பிடித்து மெதுவாக விட்டுப் பாருங்கள். வண்டி நகரத் தொடங்கும் அந்தப் புள்ளி விரலுக்குத் தெரிந்தால்தான் பழக முடியும். உள்ளங்கையில் தடித்த பஞ்சு வைத்த கிளவுஸில் அது தெரியாது. விரல் நுனியில் துணி மிஞ்சினால் பிரேக்கைப் பிடிக்கும்போது லீவருக்கும் கைப்பிடிக்கும் நடுவே சிக்கும். மோதிரத்தைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள்.

படி 5: ஷூ

கணுக்காலை மூட வேண்டும், அடிப்பாகம் முள் ஏறாத தடிமனில் இருக்க வேண்டும். கேன்வாஸ் ஷூவில் கருவேல முள் நேராக ஏறிவிடும். ஸ்பிளெண்டர் மாதிரிச் சின்ன வண்டியே 112 கிலோ, கிளாசிக் 350 என்றால் 195 கிலோ. சாய்ந்தால் அந்தப் பாரம் கணுக்காலில்தான் விழும்.

இரும்பு மூக்கு வைத்த வேலைக்கார ஷூ பாதுகாப்பாகத் தோன்றும், ஆனால் முன்பக்கம் பருமனாக இருப்பதால் கியர் லீவருக்கு அடியில் நுழையாமல் இடறும். இடது கால் நுனி லீவருக்கு அடியில் சுலபமாகப் போய்வருகிறதா என்று வண்டியில் உட்கார்ந்து பாருங்கள். ஷூ லேஸைக் கட்டிய பிறகு மிச்சத்தை உள்ளே செருகிவிடுங்கள். தொங்கும் லேஸ் கியர் லீவரிலோ ஃபுட்ரெஸ்டிலோ சுற்றிக்கொண்டால், வண்டியை நிறுத்தும்போது காலைத் தரையில் ஊன்ற முடியாமல் அப்படியே சாய்வீர்கள்.

படி 6: முழங்கால், முழங்கை கார்டு

வெளிப்பக்கம் கெட்டியான பிளாஸ்டிக் ஓடு உள்ளதை வாங்குங்கள்; வெறும் பஞ்சு கார்டு சரளையில் பிடித்துக்கொண்டு திரும்பிவிடும். நின்றுகொண்டு மாட்டிப் பார்த்து வாங்குவதுதான் பொதுவான தவறு. வண்டியில் உட்கார்ந்து காலை மடக்கும்போது, குவிந்த பகுதி முட்டியின் மேல் சரியாக உட்கார வேண்டும்.

உடுப்புக்குத் தடித்த ஜீன்ஸ், முழுக்கைச் சட்டை போதும். வேட்டி, புடவை, துப்பட்டா எதுவும் வேண்டாம், செயினிலும் சக்கரத்திலும் சுற்றும். அரைக்கால் டவுசரும் கூடாது. பெரும்பாலான வண்டிகளில் சைலன்சர் வலது பக்கம் இருப்பதால், வண்டியை நிமிர்த்தும்போது வலது கெண்டைக்கால் சுட்டுக்கொள்ளும்.

ஜாக்கெட் எப்போது?

பொட்டலை விட்டுத் திருச்சி, மதுரை சாலையில் ஏறப் போகிற நாளுக்கு முன்னால். நம் வெயிலுக்கு வலைத்துணி ஜாக்கெட்தான் சரி. தோள், முழங்கை பேடுகளில் இ.என். 1621-1 என்ற ஐரோப்பியத் தர எண் அச்சிட்டிருக்கும். இரண்டாம் நிலை பேடு முதல் நிலையைவிட அதிக அதிர்ச்சியைத் தாங்கும். முதுகுப் பக்கம் வெறும் ஸ்பாஞ்ச் வைத்துத் தருவது வழக்கம்; முதுகுக்கான இ.என். 1621-2 பேடைத் தனியாக வாங்கிச் செருகுங்கள்.

வாங்கியதைக் காப்பாற்றுவது

ஹெல்மெட்டை வண்டியின் பக்கக் கண்ணாடிக் கம்பியில் மாட்டாதீர்கள், உள்ளிருக்கும் தெர்மாகோல் அமுங்கிக் குழிவிழும். அமுங்கிய தெர்மாகோல் மறுபடி எழும்பாது. தலையோடு ஒரு முறை பலமாக மோதிய ஹெல்மெட்டை மாற்றியே ஆக வேண்டும், வெளியே கீறல் இல்லாவிட்டாலும். பெட்ரோலாலோ தின்னராலோ துடைக்காதீர்கள்.

ஹெல்மெட் கண்ணாடியில் படிந்த செம்மண் புழுதியை உலர்ந்த துணியால் தேய்த்தால் கோடு கோடாகக் கீறும். நனைத்த துணியை இரண்டு நிமிடம் மேலே போட்டு ஊறவிட்டு, பிறகு மெல்ல வழித்தெடுங்கள். சித்திரை வெயிலில் வாரம் ஒரு முறை உள்துணியைக் கழற்றி ஷாம்பூ தண்ணீரில் அலசி, முற்றத்து வெயிலில் போடாமல் பட்டாசாலை நிழலில் உலர்த்துங்கள். திரும்ப மாட்டும்போது ஒவ்வொரு பட்டனையும் 'டக்' என்று சத்தம் வருகிறவரை அழுத்துங்கள். ஒன்று விட்டுப்போனாலும் கன்னப் பஞ்சு சுருண்டு, ஹெல்மெட் பழையபடி தலையில் உட்காராது.