நிலத்தில் விழுந்த கோடெல்லாம் ஒரே பிளவு அல்ல

திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவை எட்டிப் பார்த்துவிட்டு, "இது பூமியதிர்ச்சியிலே பிளந்ததோ?" என்று கேட்பதுண்டு. அதற்கு முன் கேட்க வேண்டியது வேறொன்று: இரு பக்கமும் ஒன்றையொன்று விட்டு இடம் மாறியிருக்கிறதா? வாய் மட்டும் திறந்திருந்தால் அது வெறும் வெடிப்பு. இரு பக்கமும் இடம் மாறியிருந்தால்தான் அது பிளவுப்பெயர்ச்சியாக இருக்கலாம்.

இடம் மாறியிருந்தாலும் அவசரப்படக் கூடாது. 2016 ஏப்ரல் 16 அன்று ஜப்பானின் குமாமோட்டோவில் 7.0 அளவிலான அதிர்ச்சி வந்தது. மாஷிகி ஊரின் வயல்களில் வரம்புகள் இரண்டு மீற்றர் அளவுக்கு வலப்பக்கம் விலகின. அது முதன்மைப் பிளவு, அதாவது அதிர்ச்சியை உண்டாக்கிய பிளவே நிலத்தில் தெரிந்த இடம். அதைச் சுற்றி இருநூறுக்கும் மேற்பட்ட சிறு கோடுகளைச் செய்மதி ராடார் காட்டியது. அவை எல்லாவற்றையும் முதன்மைப் பிளவின் கிளைகள் என்று எழுதிவிடுவதுதான் பெரிய தவறு. அசோ எரிமலைப் பள்ளத்தில் உச்சினொமாக்கி என்றொரு வெந்நீரூற்று ஊர், நம் கன்னியா மாதிரி. அங்கே நிலம் பிளந்து பள்ளமாக இறங்கியது, பார்வைக்குப் பிளவுப்பெயர்ச்சியேதான். உண்மையில் கிலோமீற்றர் கணக்கான நிலத்துண்டு ஒன்று பக்கவாட்டில் ஒரு மீற்றருக்கு மேல் வழுக்கியிருந்தது.

மகாவலி கடலில் சேரும் மூதூர்ப் பக்கத்து மணற்கரையை நினைத்துப் பாருங்கள். அப்படி நீர் ஊறிய மணல் பலமாகக் குலுங்கினால் கூழாகும், கரை ஆற்றை நோக்கிச் சரியும். 2011இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச்சில், ஏவன் ஆற்றோரம் இதுவே நடந்தது. இத்தகைய வெடிப்பு கரையை ஒட்டியே ஓடும், பக்கத்தில் மணல் கக்கியிருக்கும். மலைச்சரிவில் என்றால் பிறை போல வளையும். பிளவுப்பெயர்ச்சியோ பெரும்பாலும் மேடு பள்ளம் பாராமல் குறுக்கே போகும்.

முதன்மைப் பிளவிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை மட்டும் வைத்து வகை பிரிப்பதும் சரிவராது. 2019 ஜூலையில் கலிபோர்னியாவின் ரிட்ஜ்கிரெஸ்ட் அதிர்ச்சியின்போது, அருகிலிருந்த கார்லொக் என்ற பெரும் பிளவு ஓரிரு சென்றிமீற்றர் மெல்ல நகர்ந்தது. அது அந்த அதிர்ச்சியின் கிளை அல்ல. தனிப் பிளவு, தூண்டப்பட்டு நகர்ந்தது. அதற்குத் தனி வகை வேண்டும். அங்கே 4ஆம் திகதி 6.4, மறுநாள் 7.1 என இரண்டு பெரிய அதிர்ச்சிகள். எந்த வெடிப்பு எதில் விழுந்தது என்று குறிக்காவிட்டால் அப்புறம் பிரிக்க முடியாது. மழையும் உழவும் தடயத்தை அழித்துவிடும்.

இவ்வளவு கவனம் ஏன்? அணை, குழாய்ப்பாதை, அணுமின் நிலையம் அமைப்பவர்கள், பிளவிலிருந்து எவ்வளவு தள்ளி நிலம் எவ்வளவு நகரும் என்பதைக் களத்தில் எடுத்த இந்த வெடிப்புப் பதிவுகளை வைத்தே கணக்கிடுகிறார்கள். மண்சரிவு வெடிப்பு கலந்துவிட்டால் கணக்கே பிழைத்துவிடும்.

ஆகவே களத்தில் முதலில் பெயர் வைக்காதீர்கள். திசை, திறந்த அகலம், பக்கவாட்டு நகர்வு, ஏற்ற இறக்கம், மண்ணின் தன்மை, பார்த்த நேரம் எல்லாவற்றையும் எழுதுங்கள். வகை பிடிபடவில்லை என்றால் பதிவுத்தாளில் வகைக்கான கட்டத்தில் "தெளிவில்லை" என்றே போடுங்கள்.