அமெரிக்க வெள்ளி டாலர்: அரிய ஆண்டைத் துரத்தாதீர்கள்

பழைய அமெரிக்க நாணயங்களை அவற்றின் வடிவமைப்புக்காகச் சேகரிப்பவர்கள், ஒவ்வொரு வடிவமைப்பிலும் ஏராளமாக அச்சான ஆண்டைத் தேர்ந்தெடுத்து, கையிலுள்ள பணத்துக்குக் கிடைப்பவற்றில் மிகக் குறைவாகத் தேய்ந்த காசை வாங்குங்கள்.

அரிய காசின் விலையில் பெரும்பங்கு ஆண்டுக்கும் நாணயச்சாலைக் குறிக்கும்தான் (எந்த நாணயச்சாலையில் அச்சானது என்று காட்டும் எழுத்து) போகிறது, உருவம் அதேதான். மார்கன் என்பவர் வடிவமைத்த பழைய வெள்ளி நாணயமான மார்கன் டாலரைப் பாருங்கள். சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலையில் 1893இல் 1 லட்சம் காசுகளே அச்சாயின. முகம் மழுங்கிய ஒன்றுக்கே ஆயிரக்கணக்கில் டாலர் கேட்பார்கள். அதே நாணயச்சாலையில் 1881இல் அச்சானவை 1.27 கோடிக்கும் மேல். அவற்றில் பல புழக்கத்துக்கே வராமல் மூட்டைகளில் கிடந்ததால் இன்றும் பளபளக்கின்றன. அச்சும் அழுத்தமாக விழுந்திருக்கும், காசின் பின்புறமுள்ள கழுகின் மார்பு இறகுகளை எண்ணிவிடலாம்.

ஆனால் ‘சான் பிரான்சிஸ்கோ என்றாலே தரம்’ என்று நம்பிவிட வேண்டாம். 1940களில் அங்கு அச்சான ‘நடக்கும் லிபர்ட்டி’ (சுதந்திரத்தைக் குறிக்கும் பெண் நடந்துவரும் உருவம்) அரை டாலர்களில் அந்தப் பெண்ணின் இடக்கை பல காசுகளில் தெளிவில்லாமல் இருக்கும். அந்த வடிவமைப்புக்கு பிலடெல்பியா காசே மேல்.

ஒரே ஆண்டு மட்டும் வெளிவந்த வடிவமைப்புகளுக்கு இந்த வழி உதவாது. 1921ஆம் ஆண்டின் உயர்புடைப்பு (உருவம் பரப்பிலிருந்து நன்கு மேலெழுந்து நிற்கும்) ‘அமைதி டாலர்’ என்ற வெள்ளி நாணயம் அப்படிப்பட்டது. 1922இலேயே புடைப்பைக் குறைத்துவிட்டார்கள். ஆண்டு வரிசையாகச் சேர்ப்பவர்களுக்கும் இது பொருந்தாது.