ஆட்டுப்பாலையும் மாட்டுப்பாலையும் திரித்துப் பார்ப்பது எப்படி?

பெரியபட்டினம் பக்கம், கடலை ஒட்டி எங்கள் வீடு. கொடி என்ற இனத்து ஆடுகள் வளர்க்கிறேன். கோடையில் சீமைக்கருவேலங்காய்தான் அவற்றுக்குப் பாதித் தீனி. ஒரு பிள்ளைக்கு மாட்டுப்பால் சேரவில்லை என்றால் சொம்போடு என்னிடம் வருவார்கள். "ஆட்டுப்பால் லேசுதானே அக்கா?" என்பார்கள். அந்த லேசு எதில் இருக்கிறது என்பதை அடுப்படியிலேயே பார்க்கலாம்.

இரண்டு பாலும் அன்று காலையில் கறந்ததாக இருக்கட்டும். பாக்கெட் பால் வேண்டாம், அதில் கொழுப்பைக் கூட்டிக் குறைத்திருப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு டம்ளர் எடுத்து, தண்ணீர் விடாமல் தனித்தனியே பொங்கக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுங்கள். வடிகட்டிய எலுமிச்சைச் சாறு இரண்டிலும் இரண்டிரண்டு தேக்கரண்டி விட்டு, ஒரு சுற்று கலக்கி, கால் மணி நேரம் தொடாமல் வையுங்கள். அப்புறம் மெல்லிய துணியில் வடியுங்கள்.

மாட்டுப்பால் கட்டிகட்டியாகத் திரியும், பிழிந்தால் உருண்டையாக நிற்கும். ஆட்டுப்பால் பொடிப்பொடியாகத் திரிந்து துணியில் ஒட்டும், அழுத்தினால் உதிரும்.

இத்தனைக்கும் புரதத்தின் அளவு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: 100 மில்லிக்கு 3 கிராமுக்குச் சற்று மேல். அதில் பெரும்பங்கு கேசீன். புளிப்பு பட்டதும் திரள்வது அதுதான். மாட்டுப்பால் கேசீனில் ஆல்ஃபா எஸ்1 என்ற வகை நிறைய இருப்பதால் திரள் இறுகுகிறது. ஆட்டுப்பாலில் அது பொதுவாகக் குறைவு, பீட்டா கேசீன்தான் அதிகம். ஆனால் ஆல்ஃபா எஸ்1 அளவு பிறவியிலேயே ஆட்டுக்கு ஆடு மாறும். ஆகவே இரண்டு ஆட்டின் பாலைக் கலக்காமல் தனித்தனியே திரித்துப் பாருங்கள். ஆட்டுத்தயிர் இளகலாக உறைவதும் இதனால்தான். உறைமோரைக் குறை சொல்ல வேண்டாம்.

சரி, மாட்டுப்பால் புரதம் ஒவ்வாத பிள்ளைக்கு இது ஆகுமா? ஆகாது. திரள் மென்மையாக இருந்தாலும் இரண்டு பாலின் புரதங்களும் அமைப்பில் மிக நெருங்கியவை. அந்த ஒவ்வாமை உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஆட்டுப்பாலும் சேராது. பால் குடித்ததும் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் வந்த பிள்ளைக்கு 'ஒரு வாய் கொடுத்துப் பார்ப்போம்' என்று தயவுசெய்து சோதிக்காதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். பால் சர்க்கரையால் வயிறு உப்புகிறவர்களுக்கும் ஆட்டுப்பாலால் பெரிய லாபமில்லை, அந்தச் சர்க்கரை இதிலும் உண்டு.

ஒரு வயதுக்குள் தாய்ப்பாலுக்குப் பதிலாக ஆட்டுப்பாலோ மாட்டுப்பாலோ வேண்டாம். ஆட்டுப்பாலில் ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின் மிகக் குறைவு. அதை மட்டுமே நம்பி வளரும் கைக்குழந்தைக்கு இரத்தசோகை வரலாம். பெரியவர்களும் பச்சையாகக் குடிக்காதீர்கள். புரூசெல்லா கிருமி காய்ச்சாத பாலில் வரும், நன்றாகப் பொங்கவிட்டால் செத்துவிடும்.