டோலோ போடுறதுக்கு முன்னாடி அட்டைய திருப்பிப் பாருங்க

காய்ச்சல், தலைவலின்னா கை நேரா டோலோ 650 அட்டைக்குத்தான் போகும், தப்பில்ல, ஆனா பின்னாடி இருக்கற பொடி எழுத்த படிங்க, ஏன்னா நிறைய சளி மாத்திரையிலயும் டோலோல இருக்கற அதே பாராசிட்டமால்தான், பேருதான் வேற. ரெண்டுலயும் இருக்கற அளவ கூட்டிக்கங்க. பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்சம், 650 மில்லிகிராம் மாத்திரை ஆறு போட்டாலே 3.9 கிராம், அதுக்கு மேல சளி மாத்திரை ஒன்னு உள்ள போனா தாண்டிடும்.

தாண்டினா என்னன்னா, கல்லீரல் இந்த மருந்த உடைக்கறப்போ கொஞ்சம் விஷப்பொருளா மாறும், கல்லீரல்ல இருக்கற குளூட்டாதயோன்ங்கற பாதுகாப்புப் பொருள் அத பிடிச்சு அடக்கிடும், டோஸ் ஏறினா அந்த குளூட்டாதயோன் இருப்பு தீந்துபோய் விஷம் செல்லோட புரதத்துலயே ஒட்டி செல்லுக்கு சக்தி தர்ற மைட்டோகாண்ட்ரியாவ கெடுத்து செல்லையே சாகடிச்சிடும். தினம் குடிக்கறவங்க, சரியா சாப்பிடாம கெடக்கறவங்களுக்கு அந்த இருப்பே கம்மி, டாக்டர கேக்காம போடாதீங்க (ஹேங்ஓவருக்கு இதத்தான் முழுங்குறாங்க, என்னத்த சொல்ல).

கூடிப்போச்சுன்னா முதல் நாள் வெறும் வாந்தியா இருக்கும், சில சமயம் அதுவும் இருக்காது, நல்லாத்தானே இருக்கேன்னு படுத்துடாதீங்க, அட்டையோட உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. அசிட்டைல்சிஸ்டீன்னு விஷமுறிவு மருந்து இருக்கு, மாத்திரைய முழுங்கின 8 மணி நேரத்துக்குள்ள ஏத்திட்டா நல்லா கேக்கும்.